சுமைச் சீட்டு

இரவு நிறுத்தம் எனக்கு
கடலுக்கு முந்தின கடைசி ஊர்.
டிரைவர் சூசைராஜ் நீள இருக்கையில் படுத்தால்
கால் படிக்கட்டில் தொங்கும்.
நான் பின்கதவு ஓரம்
சில்லறைப் பையைத் தலைக்கு வைத்து.
உப்புக்காற்று வண்டியைத் தின்னும் சத்தம்
கேட்காது என்பார்கள்.
கேட்கும்.
காலையில் தகரத்தைத் தட்டினால்
செதில் உதிரும்.

நாலு ஐம்பதுக்கு முதல் நடை.
நாலரைக்கே அன்னக்கூடைகள்
ஐஸ் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்கும்.
ஆட்கள் அப்புறம்தான் வருவார்கள்.
நகரை, சூடை, காரல்.
மரியபுஷ்பத்திடம் மட்டும் நண்டு:
கொடுக்கைக் கட்டியும் அடங்காமல்
ராமநாதபுரம் வரை சாக்கைச் சுரண்டும்.

பெண்களுக்குக் கட்டணமில்லை,
கூடைக்கு உண்டு.
மிஷினில் பூஜ்யம் அடித்து அடித்து
கட்டைவிரல் தேய்ந்த இடத்தில்
பளபளப்பு.
"சும்மா போறதுக்கு எதுக்கு சார் சீட்டு?"
"நீங்க போனீங்கன்னு தெரிய வேணாமா?"
"யாருக்கு?"

பெரியபட்டினத்தில் ஏறுகிற வெள்ளைச் சட்டை
மூக்கைப் பொத்தும்.
"இது பஸ்ஸா, ஏலக்கடையா?"
மரியபுஷ்பம் திரும்பாமலே சொல்வாள்:
"மத்தியானம் சோத்துல வைக்கயில
இந்த மூக்கு எங்கிட்டுப் போவும்?"

அமாவாசையை ஒட்டி ஆறு நாள்
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்
பாசி நாள்.
அப்போது இருளாயி செட்டும் ஏறும்.
விரலுக்குச் சுற்ற கிழிசல் துணி,
காலில் கட்டி நீந்தத் தகரத்தட்டு,
காலிச் சாக்கு.
பாதி வழியில் இறங்கி
இருட்டில் வேறு கரைக்கு நடப்பார்கள்.
அவர்கள் கடலுக்கு நேரம் தினமும் மாறும்.
எங்கள் அட்டவணை
ஒன்பது வருஷமாக மாறவில்லை.

போன மாசம் கிளையில் கூப்பிட்டுச் சொன்னார்கள்:
முதல் நடையில் வசூல் இல்லை. எடுத்துவிடலாம்.
நான் பையை மேசைமேல் வைத்தேன்.
இலேசாகத்தான் இருந்தது.
பின்பட்டை இறங்கி
டயர் மட்கார்டை உரசுகிற அளவுக்கு
அந்த வண்டி நிறைந்து வருவதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
படிவத்தில் அதற்கு இடமில்லை.

விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது.
சூசைராஜ்தான் உளறினார்.

மறுநாள் இருளாயி
தகரத்தட்டைத் தூக்கிக் காட்டினாள்:
"இதுக்கு ஒரு லக்கேஜ் போடு."
இதற்கெல்லாம் கிடையாது என்றேன்.
"கூடைக்குப் போடுற. இதுக்குப் போட மாட்டியா?"
முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரூபாய்,
கடல்தண்ணீரில் ஊறிப் பழுத்தது.
அவள் பின்னால் இன்னொருத்தி காலிச் சாக்கோடு.
அதற்குப் பின்னால் இன்னொருத்தி
தூக்குவாளியோடு.

பெரியபட்டினத்தில் ஏறிய ஜொகரா பீவி
பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்.
கூட்டத்தில் விவரம் கேட்டுக்கொண்டு
ஸ்கேன் கவரை நீட்டினார்.
"இதுக்கும் போடுங்க தம்பி.
கனமாத்தான் இருக்கு."

போட்டேன்.
விதி எனக்குத் தெரியும்.
ஆனாலும் போட்டேன்.

நாலாம் நாள் விலக்கில் செக்கர் ஏறினார்.
சுமைச் சீட்டு அறுபத்துமூன்று.
டார்ச் அடித்து எண்ணினார்:
கூடை பதினேழு.
"மிச்சச் சுமை எங்க?"

ஒருவரும் பேசவில்லை.
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.
வெளியே கருவேலம்,
பிறகும் கருவேலம்.
நண்டு மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தது.

செக்கர் கொஞ்ச நேரம் நின்றார்.
ஏதோ எழுதினார்.
இறங்கும்போது ஒரு கூடையைக் காலால் தள்ளாமல்
சேலையை ஒதுக்குவதுபோல்
வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தாண்டினார்.

எனக்கு மெமோ வந்தது.
நடை நிற்கவில்லை.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்
கிளை மேலாளர்.

நேற்று ராத்திரி
வண்டிக்குள் விளக்கைப் போட்டு
மெமோவை மெதுவாகப் படித்தார் சூசைராஜ்.
மடித்து என் பையில் செருகினார்.
"இதையும் லக்கேஜ்ல போடு."

அப்புறம் இருவரும் தூங்கவில்லை.
நாலரை.
வெளியே
ஐஸ் சொட்டத் தொடங்கிவிட்டது.